ஒரு தலைக்கு ஒரு தடவை

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு பிரான்சிலிருந்து பணமும் பார்சலும் வந்துகொண்டுதான் இருந்தன. ஒருமுறை பார்சலில் ஷாம்பு பாட்டில் வந்தது. அந்த வீட்டுப் பாட்டி அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் அக்கா கெஞ்சிக் கேட்டதற்கு மூடியைத் திறந்து மோந்து பார்க்க மட்டும் விட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அக்கா அந்த வாசனையைப் பற்றியே பேசினாள்.

எங்கள் வீட்டில் சீயக்காய். சனிக்கிழமை எனக்கும் அண்ணனுக்கும், வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் அக்காவுக்கும். கண்ணில் விழுந்தால் அரைமணி நேரம் எரியும். ஷாம்பு என்பது கடலுக்கு அந்தப் பக்கத்துச் சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் தெருமுனைப் பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் ஷாம்பு தொங்கியது. சரம் சரமாக, தோரணம் மாதிரி. கடைக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிய்த்து அக்காவின் கையில் கொடுத்தார். சில்லறைக் காசுதான் விலை. அக்கா அதை அரிசி அளப்பது போல ஜாக்கிரதையாகக் கிழித்தாள். பல்லால் கடித்துக் கிழிக்கலாம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே இருந்தது ஒரு தலைக்கு, ஒரு தடவைக்குச் சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பீரோவும் சாவியும் தேவைப்படவில்லை.

அந்தப் பாக்கெட் பிரான்சிலிருந்து வரவில்லை. எங்கள் கடற்கரையிலேயே வடக்கே போனால் வருகிற கடலூரில் பிறந்த யோசனை அது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர். பணக்காரர் வீட்டில் புழங்குகிற எதுவும் கூலிக்காரர் வீட்டிலும் புழங்க வேண்டும், அதற்கு விலையைக் குறைக்க முடியாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முகப்பவுடர் டின்னில் மட்டுமே விற்ற காலத்தில் அதைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டவர். உப்பு வகையறாவையும் அப்படியே. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்தால் அதுதான் வருங்காலம் என்று நம்பினார். நம்பிக்கை பலித்ததை முழுதாகப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. அவருக்குப் பின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பெரிதாக்கினார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சி.கே. ரங்கநாதன். குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொடங்கினார். தெரிந்த தொழில் ஷாம்பு, செய்ததும் ஷாம்பு. அப்பா பெயரை வைத்தே ‘சிக்’ என்று பேர் வைத்தார். அவர் செய்த காரியங்களில் ஒன்று என் கையால் நடந்ததால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். எந்த கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி. இதுதான் திட்டம், இவ்வளவுதான் திட்டம். எங்கள் தெருப் பையன்கள் அம்மையார் கோயில் குளத்துப் படிக்கட்டு, ஆற்றங்கரை, பிறத்தியார் வீட்டுக் கொல்லை என்று ஒரு இடம் விடவில்லை. பொறுக்கிய பாக்கெட்டைக் கழுவி, முட்டியில் வைத்து நீவி, ஐந்தைந்தாக அடுக்கிக் கடையில் கொடுப்போம். கொஞ்ச நாளில் விதி மாறியது. இனி சிக் காலி பாக்கெட் ஐந்துதான் செல்லும். அதற்குள் வீட்டில் எல்லோரும் சிக்குக்குப் பழகியிருந்தோம். மாதம் 35,000 ரூபாயாக இருந்த வியாபாரம் இந்த ஒரு காரியத்தால் 12 லட்சத்துக்குப் போனதாக ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு மல்லிகை வாசனையும் ரோஜா வாசனையும் வந்தன; நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். கிராமங்களில் ரஜினி படம் போட்டுக் காட்டி, நடுவில் பையன்களுக்குத் தலை கழுவிக் காட்டி, பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். 1999இல் ஐம்பது பைசாவுக்கு ஒரு பாக்கெட். அந்தக் கம்பெனிதான் 1998இலிருந்து கெவின்கேர். ‘கவின்’ என்ற நம் சொல்தான் அது.

கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதித்துத் தொழில் செய்ய முடியும் என்று எழுதிய புத்தகம் 2004இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சின்னப் பாக்கெட்டுகளும் அதில் வருகின்றன. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெட்டிக்கடைத் தோரணம் கண்ணில் ஆடியது.

இப்போது என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனீஸ்வரன் கோயில். வருகிறவர்கள் தலையில் நல்லெண்ணெய் வைத்து நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வேறு துணி மாற்றிக்கொண்டு சாமி கும்பிடப் போவார்கள். சனிக்கிழமை என்றால் கூட்டம், சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் கூட்டம். சித்தப்பா போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற சின்னம்மா, அந்தக் குளத்துப் பாதையில் ஒரு சாக்கை விரித்து எண்ணெய் விற்க உட்கார்ந்தார். பக்கத்தில் நாலைந்து கடை. எல்லாவற்றிலும் கால் லிட்டர், அரை லிட்டர் பாட்டில்.

முதல் சனிக்கிழமையே அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். கால் லிட்டர் வாங்குகிற ஆள் தலைக்கு ஒரு கை வைத்துக்கொள்கிறார். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறார். சனி தோஷம் கழிக்க வைத்த எண்ணெயின் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் மனசு வருவதில்லை. படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் சின்னம்மா சின்ன பிளாஸ்டிக் கவரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கட்டிக்கொண்டு போனார். கூடவே ஒரு பொட்டலம் சீயக்காய்த்தூள். ஒரு தலைக்கு, ஒரு தடவைக்கு. மதியத்துக்குள் கூடை காலி.

அந்தக் கவரை ஒட்டுகிற வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். கவரின் வாயை ஒரு ஹேக்ஸா பிளேடின் முதுகில் மடித்து, விளிம்பு மட்டும் ஒரு நூல் அளவு வெளியே தெரிகிற மாதிரி பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் ஓரமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் உருகி ஓட்டை விழும். வேகமாக இழுத்தால் ஒட்டாது. சுடரின் நுனியில் பிடித்தால் கரி ஏறும். நூறு கவரில் எனக்கு முப்பது வீணாகும். சின்னம்மாவுக்கு ஒன்றோ இரண்டோ. ஒட்டி முடித்ததும் பழைய தினசரியை விரித்து எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கி வைப்பார். விடியற்காலையில் எழுந்து லைட்டைப் போட்டதும் முதலில் பேப்பரைத்தான் பார்ப்பார். எந்தக் கவருக்கு அடியில் எண்ணெய்ப் பொட்டு தெரிகிறதோ அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். “பஸ்ஸுல வர்றவங்க பட்டுப்புடவையில ஒழுகினா நாளைக்கு என்கிட்ட வருவாங்களாடா?” என்பார்.

எளிய தொழில் என்றால் சுலபமான தொழில் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பேப்பரில் விழுந்த எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தவன் அப்படி நினைக்க மாட்டான். யோசனை எளிதாக இருந்ததால், சின்னம்மாவின் கண்ணும் மனசும் முழுக்க அந்த ஒட்டில் நிற்க முடிந்தது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான் என்றால் அதை உயிரைக் கொடுத்துக் கவனிக்கலாம். ஒன்பது இருந்தால் முடியாது. இது எனக்கு 2009இல் தெரியாது.

2009 செப்டம்பரில் சனிப்பெயர்ச்சி. அதை வைத்து நான் ஒரு தொழில் தொடங்கினேன். டிகிரி படித்திருந்தேன், சென்னையில் ஆறு வருஷம் டிராவல்ஸ் கம்பெனியில் இருந்திருந்தேன், சின்னம்மா சாக்கு விரித்த ஊரில் நான் ஆபீஸ் போட வேண்டும் என்று நினைத்தேன். திருநள்ளாறு மட்டும் என்ன, ஒன்பது கோயிலையும் சேர்த்தே தருவோம் என்று தோன்றியது. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். வருகிறவரின் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, அவருக்கு எந்தக் கோயிலில் எந்தப் பரிகாரம் என்று அச்செடுத்துக் கொடுப்பது. அதற்குத் தகுந்த வண்டி, கும்பகோணத்தில் அறை, மூன்று நிறத்தில் உறுப்பினர் அட்டை, அட்டைக்கு ஏற்ற சலுகை, இணையத்தில் முன்பதிவு. மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் போட்டேன்.

தொடங்குகிற அன்று சின்னம்மாவை அழைத்துப்போய் ஆபீஸைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். ரொம்ப சந்தோஷப்பட்டார். “என்ன தம்பி விக்கிறே?” என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். அட்டையிலிருந்து ஆரம்பித்து ஜாதகத்துக்குப் போய், அங்கிருந்து வண்டிக்கு வந்து, மறுபடி அட்டைக்குப் போனேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சின்னம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா வரணும்யா” என்று திருநீறு பூசிவிட்டார். அவர் என் பதிலைப் புரிந்துகொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அதற்காக அவர்மீது எனக்கு வந்த சின்ன எரிச்சலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன் வரத்தான் செய்தது. பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “சார், மயிலாடுதுறையில ரயில விட்டு எறங்குறோம். திருநள்ளாறு மட்டும் போயிட்டு சாயங்காலத்துக்குள்ள திரும்பணும். தலைக்கு எவ்வளவு?” அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. தங்க அட்டையில் இவ்வளவு, வெள்ளி அட்டையில் இவ்வளவு என்று நான் விளக்குவேன். “சரி சார், கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிடுவார்கள்.

வந்தவர்களிடமும் பிசகியது. கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். நாலு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். திருநாகேஸ்வரத்தில் ராகுகாலத்துப் பாலாபிஷேகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. மதுரையிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, மகனுக்குக் கல்யாணம் கூடி வரவேண்டும் என்று வேண்டுதல். சனிக்கிழமை திருநள்ளாறு வரிசையிலேயே மூன்று மணி நேரம் பின்தங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியைத் தாண்டியதும் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. திருநாகேஸ்வரம் போய்ச் சேரும்போது ஆறே கால். அபிஷேகம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொண்டுவந்த பால் சொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி பிராகாரத்தில் நின்றார். “பரவாயில்ல தம்பி” என்றார்.

அன்று ராத்திரி கும்பகோணத்தில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்பது கோயில். ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக நடக்கும் என்றே வைத்துக்கொண்டேன். பத்துக்கு ஒன்பது நல்ல மார்க்தானே? ஆனால் ஒன்பதும் சேர்ந்து சரியாக நடக்கும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தொன்பதுகூட வரவில்லை. நூறு குடும்பம் வந்தால் அறுபது குடும்பத்துக்கு மேல் எங்கேயாவது ஓரிடத்தில் மனக்குறையோடு திரும்பும். டிரைவரை மாற்றினாலும் ஹோட்டலை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. கோளாறு யோசனையிலேயே இருந்தது. யோசனை என்னுடையது.

எட்டு மாதத்தில் ஆபீஸைக் காலி செய்தேன். மனைவி நகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னம்மா சீட்டு எடுத்து நாற்பதாயிரம் கொடுத்தார், அதைப் பற்றியும் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “அந்தப் போன்ல கேட்டாங்களே, ரயிலடியிலேருந்து திருநள்ளாறு மட்டும்னு... அவங்களுக்கு என்ன பதில் சொன்னே?”

அந்தக் கேள்விதான் இன்றைக்கு வரை எனக்குச் சோறு போடுகிறது. ஒரு வேன். சனிக்கிழமை காலையில் சென்னை ரயில் வருகிற நேரத்துக்கு மயிலாடுதுறை ஸ்டேஷன் வாசல். அங்கிருந்து திருநள்ளாறு, குளியல், தரிசனம், சாப்பாடு, சாயங்காலம் மறுபடி ஸ்டேஷன். தலைக்கு ஒரே ரேட்டு, கண்ணாடியில் பெரிதாக எழுதியிருக்கும். அட்டை கிடையாது, ஜாதகம் கிடையாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை ராத்திரி நானே பார்ப்பேன். சின்னம்மா பேப்பரைப் பார்ப்பதுபோல. இப்போது மூன்று வேன் ஓடுகிறது, மூன்றும் அதே வழியில்.

எளியது எல்லாமே நிற்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் அதைவிட எளிய வியாபாரம் ஒன்று இருந்தது. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்கால் சேர்ந்த புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் நாகப்பட்டினத்துக்காரரும் மயிலாடுதுறைக்காரரும் டிவி, பிரிட்ஜ், மோட்டார் என்று வாங்க இங்கே வருவார்கள். ஊரின் எல்லைக்கோடுதான் முதல். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கோடு பெரும்பாலான சாமானுக்கு அழிந்துபோனது. பெட்ரோலுக்கும் சாராயத்துக்கும் மட்டும் மிச்சம். எனக்குத் தெரிந்த இரண்டு நல்ல கடைக்காரர்கள் ஒரே வருஷத்தில் மூடினார்கள். அவர்களுடைய யோசனை வாங்குகிறவரின் தேவையிலிருந்து பிறக்கவில்லை, சட்டத்தின் ஓரத்திலிருந்து பிறந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கிற தேவையை எந்தப் பட்ஜெட்டும் எடுத்துவிட முடியாது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அரசலாற்றங்கரையில் தினம் காலையில் நடக்கிறவன் நான்.

ஆறு கடலில் கலக்கிற இடத்தில், வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மணலில் பளபளவென்று கிடக்கும். ஷாம்பு பாக்கெட், காப்பித்தூள் பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட். நாங்கள் கொல்லை கொல்லையாகப் புகுந்து தேடிய அதே பாக்கெட். அன்று ஒன்று கீழே கிடந்தால் இரண்டு பையன்கள் சண்டை போடுவோம். இன்று கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது, குனிந்து எடுக்க ஆள் இல்லை. ஐந்து கொடுத்தால் ஒன்று என்ற காலம் இன்னும் இருந்திருந்தால் இந்த மணல் ஒரு மணி நேரத்தில் சுத்தமாகியிருக்கும்.

நளதீர்த்தத்துப் பக்கமும் இதே கதைதான். அங்கே கிடப்பதில் சின்னம்மா தொடங்கி வைத்த பாக்கெட்டும் உண்டு. இப்போது அது மெழுகுவர்த்தியில் ஒட்டியதில்லை; மெஷினில் அடித்து, மேலே சனீஸ்வரன் படம் அச்சிட்டு வருகிறது. பத்துப் பதினைந்து கடையில் அதுதான் தொங்குகிறது.

இரண்டு வருஷம் முன்பு வேன் கதவில் ஒரு சாக்கு கட்டினேன். குளித்துவிட்டு வருகிறவர்கள் காலி பாக்கெட்டை அதில் போட்டார்கள், முகம் சுளிக்காமல் போட்டார்கள். நாலு சாக்கு சேர்ந்ததும் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “இதுக்கு ரேட்டு இல்ல சார். பால் கவர்னா சொல்லுங்க, எடுத்துக்கிறேன். இதுல ரெண்டு மூணு சாமான ஒட்டிவச்சிருக்கான், பிரிக்க முடியாது” என்றார். அவர் சொன்னது சரிதான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக்கும், பல சமயம் அலுமினியமும் சேர்த்து ஒட்டிய தாள் அது. எண்ணெயும் ஷாம்புவும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கவும், வெயிலில் தொங்கினாலும் ஒழுகாமல் இருக்கவும் அந்த அடுக்கு வேண்டியிருக்கிறது. ஒழுகாமல் காப்பாற்றுகிற அதே அடுக்குதான் அதை எதற்கும் ஆகாததாக்குகிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில் ஸ்ட்ரா இருந்தது, பலூன் குச்சி இருந்தது. ஷாம்பு பாக்கெட் இல்லை. நாலு சாக்கையும் திரும்ப எடுத்துவந்து மாடியில் வைத்தேன். இப்போது பதினோரு சாக்கு இருக்கிறது.

சின்னம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வியாபாரத்தை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். போன ஐப்பசியில் மழைக்கு மாடிச் சாக்கு நனைந்துவிடும் என்று நான் தார்ப்பாய் தேடியபோது வந்திருந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒரு பாக்கெட்டைக் கையில் வாங்கி, ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கான்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தம்பி, இந்த எண்ணெய் எவ்வளவு நேரம் இந்தப் பையில இருக்கணும்?”

“கடையில வாங்கிக் குளத்துக்குப் போற வரைக்கும் சின்னம்மா.”

“எவ்வளவு தூரம்?”

“அம்பது அடி இருக்கும்.”

“அம்பது அடிக்கு எதுக்குடா பை? நான் அன்னிக்குக் கடை போட்ட எடம் தள்ளி இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம். அதுனால கட்டிக் குடுத்தேன். படிக்கட்டுலேயே நின்னு உள்ளங்கையில ஊத்துனா என்ன?”

தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷமாகத் தலைக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு கை இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இரண்டு மாதம் முயற்சி செய்து குளத்துக்குப் போகிற படிக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு முன்னால் ஆறடி இடம் வாடகைக்குப் பிடித்தேன். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று, ஒரு கரண்டி. கரண்டி சின்னம்மாவுடையது, பழைய கவர்களுக்கு அளந்த அதே கரண்டி. பலகையில் எழுத ஒன்றும் இல்லை, விலையைத் தவிர. முதல் சனிக்கிழமை சின்னம்மா வருவேன் என்று அடம்பிடித்தார். ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

காலை ஆறு மணிக்கு என் வேனில் வந்த குடும்பம்தான் முதல் கிராக்கி. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதில் ஒரு பெண். பாக்கெட் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். கையை நீட்டுங்கள் என்றேன். தயங்கி நீட்டினார். சின்னம்மா நாற்காலியில் இருந்தபடியே கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தடவிப் பார்த்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து, குழியாக மடக்கி, எண்ணெயை ஊற்றினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. அடுத்து அப்பா. கடைசியாகக் குழந்தை இரண்டு கையையும் சேர்த்து நீட்டியது.

“உனக்கு அரைக் கரண்டி போதும்டி” என்றார் சின்னம்மா.